பழைய டயர் யார் பொறுப்பு? மலையகத்தில் முதல் தடவையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு

மலையகத்தில் ஒரு டயர் வீதியில் ஓடி முடித்தாலும் அதன் வேலை முடிவதில்லை. காற்றுக்குத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் தகரம் பறக்காமல் இருக்கக் கூரைமேல் ஏறும். மண் சரிகிற இடத்தில் அணையாக அடுக்கப்படும். பாதியாக வெட்டினால் பூச்சாடி. ஈர விறகு பற்றாத நாளில் ஒரு துண்டு அடுப்புக்குள்ளும் போகும். இவ்வளவுக்கும் போக மிஞ்சுவதுதான் டயர் கடைக்குப் பின்பக்கச் சரிவில் உருண்டு, கானில் (வடிகாலில்) விழுந்து, மழைக்கு ஓயாவில் (ஆற்றில்) போய்ச் சேருகிறது.

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் சபைக்குப் போன புது உறுப்பினர்கள், தோட்டத்து இளைஞர் கழகப் பிள்ளைகள், டயர் கடைக்குப் பக்கத்தில் குடிவந்து நுளம்புக்கடியில் மாட்டிக்கொண்டவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இந்த விடயத்தில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடக்கும் குவியலைத் துரத்திக்கொண்டு திரிவதில் பலன் குறைவு. டயர் எந்தக் கடையில் கழற்றப்படுகிறதோ அந்தக் கடையின் அனுமதிப்பத்திரத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனாலும் குவியல் கண்முன்னே கிடக்கும்போது அதை விட்டுவிட முடியாது. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

டயர் கிடக்கும் இடத்துக்குப் போனதும் படம் எடுக்கத்தான் கை போகும். அதற்கு முன் அந்த நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலையகத்தில் நூறு அடிக்குள் பொறுப்பு மாறிவிடும். ஹட்டன் வழியாகப் போகும் ஏ7 வீதியும் அதன் ஓரமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. அதை ஒட்டிய கடைவரிசை நகர சபை எல்லைக்குள் இருக்கலாம். கடைக்குப் பின்னால் இறங்கும் சரிவு தோட்டத்துக் காணியாக இருக்கலாம். கீழே ரயில் பாதை, அதற்கும் கீழே நீர்த்தேக்கத்தின் ஒதுக்குநிலம் என்று போகும். டயரை மேலிருந்து ஒருவர் உருட்டிவிடுவார், அது நாலு பேருடைய எல்லையைத் தாண்டிப் போய் நிற்கும். பிறகு நாலு அலுவலகமும் மற்ற மூன்றைக் கைகாட்டும்.

கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் எல்லை தெரியவரும். தோட்டத்துக்குள் என்றால் அந்த டிவிஷன் கணக்கப்பிள்ளைக்கோ தோட்ட அலுவலகத்துக்கோ தெரியும்.

“தோட்டத்துக்குள் சபை வர முடியாது” என்ற பதிலை இன்றும் சில இடங்களில் கேட்கலாம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவை வைத்து, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாது என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். வாக்குப் போடுகிறவன் லயத்தில், குப்பை டிரக்டர் ரோட்டில் என்ற நிலை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, தோட்ட மக்களுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்தது. ஆகவே அந்தப் பழைய பதிலை யாராவது சொன்னால் 2018 திருத்தத்தை அமைதியாக நினைவூட்டுங்கள். அதே கையோடு தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். காணி அவர்கள் கையில் இருக்கும்வரை, அதில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் கடமை.

எந்தக் கதவைத் தட்டுவது

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல. புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். செயலகம் மத்திய அரசின் நிர்வாக அலுவலகம். சபை என்பது நாம் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினர்களும் தவிசாளரும், அவர்களுக்குக் கீழே செயலாளரும் ஊழியர்களும் உள்ள இடம். குப்பை சபையின் வேலை. பிரதேச சபைகள் சட்டத்தின் 93, 94, 95ஆம் பிரிவுகளில் அது நேராகவே எழுதப்பட்டிருக்கிறது: வீதியைத் துப்புரவாக வைத்திருப்பதும், குப்பையை அகற்றுவதும், அதைக் கொட்ட இடம் ஏற்பாடு செய்வதும் சபையின் கடமை. சேகரித்த குப்பை சபையின் சொத்து என்றும் இருக்கிறது. சபைகள் டயரை ஏற்றத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். டிரக்டரில் ஏறிய நிமிடத்திலிருந்து அந்தத் தலைவலி அவர்களுடையது.

உங்கள் சபை எது என்பதையும் சரிபாருங்கள். முன்பு அம்பகமுவ என்ற ஒரே சபைக்குள் இருந்த ஊர்கள் இப்போது அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று பிரிந்திருக்கின்றன. நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனியாகின. ஹட்டன் - டிக்கோயா, தலவாக்கலை - லிந்துலை ஆகியவை நகர சபைகள். நுவரெலியா, பதுளை, பண்டாரவளை நகரங்களுக்கு மாநகர சபைகள். பழைய சபைக்குக் கடிதம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

சபைக்கு வெளியே இன்னும் இருவரைத் தெரிந்து வைத்திருங்கள். ஒருவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் பி.எச்.ஐ. என்று கூப்பிடுகிறவர். பிரதேச சபைப் பகுதிகளில் அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். மற்றவர் சுற்றாடல் உத்தியோகத்தர். மத்திய சுற்றாடல் அதிகார சபையைச் சேர்ந்த இவர் பெரும்பாலும் பிரதேச செயலகத்தில்தான் உட்கார்ந்திருப்பார். டயரில் தண்ணீர் நின்றால் முதலாமவர், டயரை எரித்தால் இரண்டாமவர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் இருவருக்கும் சொல்வதே நல்லது.

தண்ணீர் நிற்கும் டயர்

பி.எச்.ஐ.யின் கையில் பலமான ஒரு சட்டம் இருக்கிறது: 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம். காணியில் தண்ணீர் தேங்கக்கூடிய தகரப்பேணி, போத்தல், சிரட்டை எல்லாவற்றையும் உரிமையாளரோ குடியிருப்பவரோ அகற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பட்டியலில் பழைய டயரும் பெயர் சொல்லியே இருக்கிறது. பி.எச்.ஐ. வந்து பார்த்து அறிவித்தல் கொடுக்கலாம், கேட்காவிட்டால் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம்.

“எங்கள் குளிருக்கு டெங்கு எங்கே வரப்போகிறது” என்று நுவரெலியாப் பக்கம் சொல்வார்கள். கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதே பேச்சைக் கினிகத்தேனையிலோ நாவலப்பிட்டியிலோ கண்டியிலோ பேச முடியாது. நாடு முழுக்க 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவான 2017ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதோடு டயர் ஓரிடத்தில் நிற்கும் பொருளும் இல்லை. ஈடிஸ் நுளம்பு தண்ணீரின் விளிம்புக்குச் சற்று மேலே, டயரின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்கு நனைந்தால் பொரிக்கும். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியப் புலி நுளம்பு காலூன்றியதும் இப்படித்தான், ஜப்பானிலிருந்து போன பழைய டயர்களோடு. அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போன பூச்சிக்குக் கொழும்பிலிருந்து கண்டி வழியில் கடுகண்ணாவை மலையேற்றத்தை ஏறுவது பெரிய காரியமில்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று. சிரமதானத்தில் டயரைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடியவில்லை. உள்சுவரைத் தும்புத்தடியால் நன்றாகத் தேய்க்க வேண்டும். கூரையில்தான் இருக்க வேண்டும் என்றால் பல இடங்களில் துளை போட வேண்டும். டயர் படுத்துக் கிடக்கும்போது கீழ்ப்பக்கம் முழுவதும் வளையமான ஒரு தொட்டி. ஒரு துளை போட்டால் சரிந்த பக்கத்துத் தண்ணீர் மட்டும்தான் வடியும். இதைவிட நல்லது, தகரத்தை ஆணியடித்தோ மண் மூட்டை வைத்தோ பிடித்துவைத்து, கூரையிலிருந்து டயரை இறக்கிவிடுவது. செலவில்லாமல் இதைச் செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். லயத்துக் கூரையைத் திருத்தித் தராமல் டயரை மட்டும் இறக்கச் சொல்லும் பரிசோதனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடிதம் எழுதும்போது இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள்

படம் எடுக்கும்போது பக்கத்தில் உள்ள ஒரு அடையாளம் தெரியட்டும்: மின்கம்பத்து இலக்கம், மதகு, கோயில், கிலோமீற்றர் கல். திகதி எழுதுங்கள். எண்ணிக்கை சரியாகத் தேவையில்லை, ஆனால் வகை தேவை. லொறி, பஸ் டயரா, கார் டயரா, முச்சக்கரவண்டி டயரா என்று பிரித்து எழுதுங்கள். காரணம் இதுதான். பெரிய டயருக்கு, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் ரீபில்ட் கடையில் விலை இருக்கிறது, அதனால் நல்ல உடம்புள்ள லொறி டயர் சும்மா கிடப்பது குறைவு. கேட்பாரில்லாமல் கிடப்பவை பெரும்பாலும் முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் டயர்கள். குவியலில் சின்ன டயர்தான் அதிகம் என்றால் அது பக்கத்துக் கடையிலிருந்து வந்திருக்கும். தூரத்திலிருந்து லொறியில் கொண்டுவந்து கொட்டியிருந்தால் கலவையாக இருக்கும். இதைப் பார்த்தே யாரைக் கேட்பது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

எரித்த இடம் என்றால் சாம்பலில் கம்பி வளையங்கள் கிடக்கும். டயரின் இரண்டு விளிம்பிலும் தடித்த உருக்குக் கம்பிக் கட்டு இருப்பதால், பெரும்பாலும் இரண்டு வளையத்துக்கு ஒரு டயர் என்று கணக்குப் போடலாம். ஆனால் படத்தை உடனே எடுங்கள். பழைய இரும்புக் கடைக்காரருக்கு அந்தக் கம்பி காசு, நாளைக்கு அங்கே இருக்காது.

கடிதம்

தவிசாளருக்கும் செயலாளருக்கும் தனித்தனியாக எழுதுங்கள், பி.எச்.ஐ.க்குப் பிரதி போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். அது உங்கள் உரிமை. மொழிப் பிரச்சினை வந்தால் முறையிட 1956 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து, அருகில் என்ன இருக்கிறது (பள்ளிக்கூடம், தோட்டத்துக் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவம், குடிநீர்த் தொட்டி), என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். அவ்வளவு போதும். ஊழல், அரசியல், பழைய கோபம் எல்லாவற்றையும் இதற்குள் திணிக்காதீர்கள்.

சபையில் சுற்றாடல், வாழ்க்கை வசதிகள் சம்பந்தமான குழு ஒன்று இருக்க வேண்டும். பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி சபைகள் அமைக்கும் நான்கு குழுக்களில் அதுவும் ஒன்று. உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் அதில் சேர்க்க இடமிருக்கிறது. புது மெம்பர் என்றால் அந்தக் குழுவுக்குள் போங்கள். மாதாந்தக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கத்துவதைவிட அங்கே உட்கார்ந்து ஒரு துணைவிதியை நகர்த்துவது பிரயோசனம்.

அனுமதிப்பத்திரத்தைப் பிடிப்பது

இங்கேதான் நான் அதிகம் நிற்க விரும்புகிறேன்.

டயர் கடை நடத்தச் சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கராஜ், வாகனம் கழுவும் சேர்விஸ் நிலையம், டயர் ரீபில்ட் செய்யும் இடம் என்று வரும்போது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் பேச்சுக்கு வரும். சிறிய தொழில்களுக்கு அந்தப் பத்திரத்தையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சார்பில் உள்ளூராட்சி சபையே கொடுக்கிறது. ஆக, டயர் எங்கே கழற்றப்படுகிறதோ அங்கே சபையின் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. சரிவில் கிடக்கும் டயருக்குச் சொந்தக்காரரைத் தேடி அலையலாம். கடைக்குள் இருக்கும் டயருக்குச் சொந்தக்காரரின் பெயர் சுவரில் பிரேம் போட்டுத் தொங்குகிறது.

ஆனால் புதுப்பிக்கும் நேரத்தில் பல இடங்களில் நடப்பது காசு கட்டுவது, ரசீது வாங்குவது, அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் மாற்றச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. புதுப்பிக்க முன் பி.எச்.ஐ.யோ சபையின் உத்தியோகத்தரோ கடையின் பின்பக்கத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் டைல் பளபளக்கும், கதை பின்னால்தான் இருக்கும். அடுத்தது, கடையில் ஒரு கொப்பி: விட்டுப்போன பழைய டயர் எத்தனை, யாரிடம் எப்போது கொடுக்கப்பட்டது என்று இரண்டு பக்கம். ஏற்றிப்போனவரின் வாகன இலக்கமும் கையெழுத்தும் இருந்தால் போதும். வாடிக்கையாளர்களில் பலர் புதியதைப் போட்டுவிட்டுப் பழையதைக் கடையிலேயே விட்டுப் போகிறார்கள். எனவே விற்ற எண்ணிக்கைக்கும் அனுப்பிய எண்ணிக்கைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால், அந்த டயர்கள் எங்கே என்று கேட்கச் சபைக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இதைச் சட்டபூர்வமாக்க வேண்டுமென்றால் சபை துணைவிதி இயற்றலாம். அது சபையில் நிறைவேறி, மேலிடத்து அனுமதி பெற்று, வர்த்தமானியில் வந்த பிறகுதான் செல்லும், காலம் எடுக்கும். அதுவரை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகச் சேர்க்க முடியுமா என்று செயலாளரிடம் கேளுங்கள்.

கடைக்காரரை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவருக்கும் இடமில்லை. டவுனில் ஒரு பர்ச் காணி விற்கும் விலையில் பழைய டயருக்கென்று யார் கொட்டில் கட்டுவார்? நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து மாதம் ஒரு நாள் ஒரு லொறி பிடிக்கலாம், சபை அந்த நாளுக்கு மட்டும் தன் வளவில் இடம் கொடுக்கலாம். இதைப் பேசி முடிக்க ஒரு கூட்டம் போதும்.

வைத்திருக்கும் விதம்

அனுப்பும்வரை டயரைக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். முடியாவிட்டால் மேலே தரப்பாள் போட்டு, தண்ணீர் குழியாக நிற்காமல் சரிவாக இழுத்துக் கட்ட வேண்டும். ஒரே மலையாகக் குவிக்காமல் சின்னச் சின்ன அடுக்காக வைத்து நடுவில் ஆள் போக வழி விடுங்கள். நெருப்புப் பிடித்தால் டயருக்குள் இருக்கும் காற்றே அதை வளர்க்கும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், ஊற்றிய தண்ணீரும் எண்ணெய்க் கசிவோடு கீழே ஓடும். நம் சரிவில் கீழே என்றால் ஓயா, அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய குடிதண்ணீர்க் குழாய். ஆகவே ஒட்டு வேலை செய்யும் இடம், வெல்டிங், அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். கானுக்கு மேலே, மதகு வாயில் எக்காரணம் கொண்டும் வேண்டாம். மதகில் ஒரு டயர் மாட்டினால் இலையும் பிளாஸ்டிக்கும் அதில் பிடித்து, தண்ணீர் வீதிமேல் ஏறி, கீழ்ப்பக்கத்து மண்ணைக் கரைக்கும். மண்சரிவுக்குப் பயந்து தூங்காத லயங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கே அனுப்புவது

சபையின் குப்பைமேட்டுக்கு அனுப்புவது தீர்வாகாது. டயர் மட்காது, இடத்தைப் பிடிக்கும், புதைத்தாலும் உள்ளே காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மேலே எழும்பி வரும். ஓடிய டயரில் உடம்பு நன்றாக இருந்தால் ரீபில்ட் செய்பவர்கள் எடுப்பார்கள். வெட்டிச் செருப்பு, பாய், வாளி செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அளவு சிறியதுதான், ஆனாலும் அவர்களுடைய தொலைபேசி இலக்கத்தைச் சபையில் எழுதி வைத்திருப்பது நல்லது. பெரிய அளவு என்றால் புத்தளம் சிமெந்து ஆலை. அங்கே சூளையில் 1,400 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பத்தில் கழிவுகளை எரிபொருளோடு சேர்த்து எரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஆலையை நடத்தும் இன்சி நிறுவனம் இதை ஒரு தனிச் சேவையாகவே நடத்துகிறது. மலையிலிருந்து புத்தளத்துக்கு லொறிக் கூலிதான் பிரச்சினை. ஒரு சபை தனியாகத் தாங்காது. பக்கத்துச் சபைகள் இரண்டு மூன்று சேர்ந்தால் கணக்குச் சரிவரும். மாவட்டத்தில் உள்ளூராட்சி உதவி ஆணையாளர் என்று ஒருவர் இருக்கிறார், சபைகளை ஒரே மேசையில் உட்காரவைக்க அவரால் முடியும்.

“நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்” என்று வரும் எல்லோரிடமும் தூக்கிக் கொடுக்காதீர்கள். எங்கே கொண்டுபோகிறார்கள், அனுமதிப்பத்திரம் உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவருடைய லொறி பெரும்பாலும் அடுத்த வளைவில் நின்று பின்கதவைத் திறக்கும்.

எரிக்கிறார்கள் என்றால்

அடுப்பில் போடும் டயர் துண்டைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. புகைபோக்கி இல்லாத லயத்து அறையில் அந்தக் கரும்புகையைச் சுவாசிப்பது குழந்தையும் கிழவியும்தான். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு, காய்ந்த சுள்ளி, டர்பன்டைன் மரத்துப் பட்டை, வேறு எதுவானாலும் பரவாயில்லை.

வெளியில் குவியலாக எரித்தால் உடனே 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லலாம். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1981. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நடந்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது. பொதுத் தொல்லையை நிறுத்தும்படி நீதவான் கட்டளையிட அது வழிசெய்கிறது. பொலிஸ் மூலமாக அந்த வழியில் போகலாம். கம்பி வளையங்களின் படமும் திகதிகளும் அங்கேதான் கைகொடுக்கும்.

பதில் வராவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். குற்றச்சாட்டாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள்: எங்கள் சபை எல்லைக்குள் இந்த ஆண்டு எத்தனை டயர் கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டது? அவற்றில் எத்தனை நேரில் பரிசோதிக்கப்பட்டன? சபை அகற்றிய டயர்கள் எங்கே அனுப்பப்பட்டன? கேட்டதற்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே சபையில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அனுபவத்தில் பார்த்தால், இரண்டாவது கேள்வி போய்ச் சேர்ந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளில் கடைகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

நேரத்தையும் பார்த்துச் செய்யுங்கள். மேற்குச் சரிவில், ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம், தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கும். அங்கே கடிதம் மார்ச் மாதத்துக்குள் போயிருக்க வேண்டும். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகு, ஆகவே ஓகஸ்ட் போதும். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் இரண்டு பக்கத்துக்கும் ஆண்டுத் தொடக்கம்தான். அதற்கு முன், நவம்பர் கூட்டத்திலேயே அதை நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லுங்கள்.